பீப்பாய்க்குள் விட்ட கோலும் நுண்கணிதமும்

நீங்கள் கேட்டிருப்பவை மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டு கேள்விகள். மாறும் அளவுகளை நுண்ணிய துண்டுகளாக்கி ஆராயும் நுண்கணிதத்தை (கால்குலஸ்) முதலில் கண்டறிந்தவர் நியூட்டனா, லைப்னிட்ஸா, கேரளத்து மாதவரா என்பது ஒன்று. கணினியே எல்லாவற்றையும் வடிவமைத்துத் தரும் இக்காலத்தில், பாடநூலில் வரும் டப்பா, வேலி பற்றிய பெருமம், சிறுமம் (மிகப் பெரிய, மிகச் சிறிய மதிப்பு காணும்) கணக்குகள் தொழிலில் யாருக்காவது உதவுகின்றனவா என்பது மற்றொன்று. ஆனால் கடைசி வரியில், "இது தேவையிலிருந்து பிறந்ததா, அறிவாளிகளின் ஆர்வத்திலிருந்து பிறந்ததா?" என்று சேர்த்திருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது அதைத்தான் என்று எனக்குப் படுகிறது. முதல் இரண்டு கேள்விகளுக்கும் விடை அதற்குள்ளேயே இருக்கிறது. நான் கணித வரலாற்று ஆய்வாளன் அல்லன். எஃகுத் தொட்டிகளையும் கலன்களையும் வடிவமைக்கும் பணியில் 26 ஆண்டுகள் இருந்தவன். ஆகவே வரலாற்றில் ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஒத்துக்கொண்டவற்றைச் சுருக்கமாகவும், நானே கையாண்டவற்றைச் சற்று விரிவாகவும் சொல்கிறேன்.

உறுதியாகச் சொல்லக்கூடியவை இவை. 1665, 1666 ஆகிய ஆண்டுகளில் கொள்ளைநோயால் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் மூடப்பட்டிருந்தபோது, சொந்த ஊரான வூல்ஸ்தோர்ப்பில் தங்கியிருந்த நியூட்டன், மாறிக்கொண்டே இருக்கும் அளவுகளின் வேகத்தைக் கணக்கிடும் பொதுமுறையை உருவாக்கினார். ஆனால் அப்போது அதை அச்சிடவில்லை. பாரிசில் இருந்த ஜெர்மானிய அறிஞர் லைப்னிட்ஸ் 1675இல் தம் முறையைத் தனியே கண்டடைந்து, 1684இல் அதை அச்சிலும் வெளியிட்டார். தொகையீட்டுக்கு, அதாவது நுண்ணிய துண்டுகளைக் கூட்டுவதற்கு, நாம் இன்றும் எழுதுகிற நெட்டையான வளைகுறி அவர் தந்ததே. பின்னர் இருவர் தரப்புக்கும் இடையே மூண்ட முன்னுரிமைச் சண்டையில், 1712இல் லண்டன் ராயல் சொசைட்டி ஒரு குழுவை அமைத்து விசாரித்தது. அச்சங்கத்தின் தலைவராக இருந்தவரும், குழுவின் அறிக்கையைப் பெரும்பகுதி எழுதியவரும் நியூட்டனே என்பதால், நியூட்டனுக்குச் சாதகமான அந்தத் தீர்ப்பை இன்று யாரும் சான்றாகக் கொள்வதில்லை. இருவரும் ஒருவரையொருவர் சாராமல் கண்டறிந்தார்கள் என்பதே இப்போது நிலைத்துள்ள முடிவு.

கேரளத்துப் பங்களிப்பைப் பற்றிப் பேசும்போது மிகையும் கூடாது, குறையும் கூடாது. 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த சங்கமகிராமத்து மாதவர், வட்டத்தின் சுற்றளவுக்கும் சைன் மதிப்புகளுக்கும் முடிவிலாத் தொடர்களைக் கண்டார். பையின் மதிப்பைப் பதினோரு தசம இடங்கள் வரை சரியாகத் தந்தார். அம்மரபில் வந்த ஜ்யேஷ்டதேவர் 1530ஐ ஒட்டி மலையாளத்தில் எழுதிய யுக்திபாஷா, அந்தத் தொடர்களை விளக்கங்களோடும் நிறுவல்களோடும் தருகிறது. வட்டத்தின் வில்லைச் சிறுசிறு துண்டுகளாக்கிக் கூட்டி, துண்டுகளின் எண்ணிக்கையைப் பெருக்கிக்கொண்டே போகும் முறை அதில் தெளிவாக இருக்கிறது. இது நுண்கணிதச் சிந்தனை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஐயத்துக்குரியது, இந்த அறிவு ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதுதான். போயிருக்கலாம் என்று வாதிடுவோர் உண்டு; ஆயினும் அதை நிறுவும் ஆவணம் எதுவும் இதுவரை கிடைக்கவில்லை. வானியலுக்குத் தேவையான வட்டத்தையும் அதைச் சார்ந்த அளவுகளையும் கேரளத்தார் ஆழமாக ஆராய்ந்தார்கள். எந்த வளைவரைக்கும் பொருந்தும் பொதுவிதியை நியூட்டனும் லைப்னிட்ஸும் தந்தார்கள். நறுக்கிக் கூட்டுவது என்ற கருத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், கி.மு. 3ஆம் நூற்றாண்டின் ஆர்க்கிமிடீஸ் இவர்கள் எல்லோருக்கும் முந்தியவர். ஆதலால் "முதல்வர் யார்" என்பதற்கு ஒற்றைப் பெயரை என்னால் எழுத முடியாது.

தேவையா, ஆர்வமா என்ற கேள்விக்கு இவர்களைவிட நல்ல சாட்சி கெப்ளர். கோள்களின் பாதை நீள்வட்டம் என்று கண்ட அதே கெப்ளர்தான். அவர் 1612இல் பிராக் நகரைவிட்டு ஆஸ்திரியாவின் லின்ஸ் நகருக்கு வந்தார். மறு ஆண்டில் இரண்டாவது திருமணம் செய்துகொண்டார். அந்த ஆண்டு திராட்சை விளைச்சல் அமோகம். டான்யூப் ஆற்று வழியாக வந்த ஒயின் பீப்பாய்கள் கரையில் அடுக்கிக் கிடந்தன. புதுக் குடித்தனத்துக்கென்று அவரும் சில பீப்பாய்களை வாங்கி இறக்கினார். சில நாள் கழித்து விற்றவர் கையில் ஒரு அளவுகோலோடு வந்தார். பீப்பாயின் வயிற்றில் உள்ள துளை வழியே கோலைச் சாய்வாக விட்டு, பக்கப் பலகையின் அடி விளிம்பைத் தொடும்வரை இறக்கி, கோலில் பதிந்த நீளத்தைப் படித்தார். அந்த ஓர் எண்ணை வைத்தே கொள்ளளவையும் விலையையும் சொல்லிவிட்டார். குட்டையா, நெட்டையா என்று பார்க்கவில்லை. வேறு எந்தக் கணக்கும் போடவில்லை. கெப்ளருக்கு இது உறுத்தியது. ஒல்லியாக நீண்ட பீப்பாய்க்கும் அகன்று குட்டையான பீப்பாய்க்கும் கோல் ஒரே எண்ணைக் காட்டலாமே, அப்போது இரண்டிலும் ஒரே அளவு ஒயினா இருக்கும்? இந்தக் கேள்வியிலிருந்து பிறந்த நூலை 1615இல் லின்ஸிலேயே அச்சிட்டார்.

கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். பீப்பாயின் வயிற்றுப் புடைப்பை விட்டுவிட்டு, அதை உருளையாக வைத்துக்கொள்வோம். நடுத்துளையிலிருந்து எதிர்ப்பக்க மூலைக்குச் செல்லும் கோல் ஒரு செங்கோண முக்கோணத்தின் கர்ணம். விட்டம் ஒரு பக்கம், நீளத்தில் பாதி மறுபக்கம். கோல் 100 சென்டிமீட்டர் காட்டுகிறது என்று கொள்ளுங்கள். பீப்பாயின் நீளம் 180 சென்டிமீட்டர் என்றால் விட்டம் வெறும் 43.6 சென்டிமீட்டர், கொள்ளளவு 269 லிட்டர்தான். நீளத்தைக் குறைக்கக் குறைக்கக் கொள்ளளவு ஏறுகிறது, நீளம் 115.5, விட்டம் 81.6 ஆகும்போது உச்சமாக 605 லிட்டரை எட்டி, பிறகு இறங்கத் தொடங்குகிறது. உச்சத்தில் நீளம் விட்டத்தைப்போல் இரண்டின் வர்க்கமூல மடங்கு, அதாவது ஏறத்தாழ 1.41 மடங்கு. ஆஸ்திரியப் பீப்பாய்க்காரர்கள் வழிவழியாகக் கடைப்பிடித்துவந்த விகிதம் இதற்கு மிக அருகில் இருப்பதைக் கெப்ளர் கண்டார். கோலைக் குறைசொல்லப் புறப்பட்டவர், அந்த ஊரின் பீப்பாய்க்கு அந்தக் கோல் பொருத்தமானதே என்ற முடிவுக்கு வந்தார்.

அதோடு நின்றிருந்தால் இது ஒரு சுவையான கதை மட்டுமே. கெப்ளர் இன்னொன்றையும் கவனித்தார். உச்சத்துக்கு மிக அருகில், நீளத்தைச் சற்றே மாற்றினாலும் கொள்ளளவு மாறுவதே தெரியவில்லை. எங்கள் எடுத்துக்காட்டில் நீளம் 5 சதவீதம் கூடினால் இழப்பு 2.3 லிட்டர், 10 சதவீதம் கூடினால் 9.4 லிட்டர். பிசகு இரு மடங்கானால் இழப்பு நான்கு மடங்காகிறது. திருப்பிச் சொன்னால், பிசகு பாதியானால் இழப்பு கால்வாசியாகிவிடுகிறது. சின்னப் பிசகின் இழப்பு சின்னதிலும் சின்னது. மரப்பலகையை வளைத்து இரும்பு வளையம் இறுக்கும் தொழிலாளி ஒவ்வொரு முறையும் ஒரே விகிதத்தைத் துல்லியமாகக் கொண்டுவர முடியாது. அவர் எங்கே பிசகினாலும் ஒயின் அளவு பெரிதாக மாறாத இடத்தில்தான் அந்த ஊர் மரபு நின்றிருந்தது. கைத்தொழில் முதலில் வந்தது. அது எவ்வளவு பிசகினால் பாதகமில்லை என்பதைக் கணிதம் பின்னால் வந்து சொன்னது.

1630களில் பிரான்சின் ஃபெர்மா இதையே ஒரு முறையாக்கினார். தொழிலால் அவர் நீதிமன்றத்தைச் சேர்ந்தவர். கணிதம் அவருக்கு விருப்பம். உச்சத்தில் ஓர் அளவைச் சிறிது கூட்டினாலும் மதிப்பு மாறாதது போலவே இருக்கும் என்பதால், கூட்டுவதற்கு முன்னும் பின்னும் உள்ள மதிப்புகளைச் சமமாக எழுதி, சிறு கூடுதலால் வகுத்து, மிஞ்சியதில் அந்தச் சிறு கூடுதலை நீக்கிவிட்டால் விடை வந்துவிடுகிறது. நாம் இன்று வகைக்கெழுவை, அதாவது மாறும் வீதத்தை, சுழி என்று வைப்பது இதைத்தான். முதலில் வகுக்க உதவிய அளவையே பின்னால் இல்லை என்று எப்படிச் சொல்லலாம் என்ற நியாயமான எதிர்ப்பு எழுந்தது. எல்லை என்ற கருத்தை வைத்து அதற்கு உறுதியான அடித்தளம் அமைத்த பிரெஞ்சுக் கணித அறிஞர் கோஷியின் நூல் வெளிவந்தது 1821இல். ஏறத்தாழ 190 ஆண்டுகள், அடித்தளம் முழுமையாக இல்லாமலேயே கட்டடம் எழும்பி நின்றது. ஆக, உங்கள் கேள்விக்கு என் விடை இது: கெப்ளரைத் தூண்டியது தேவை, ஃபெர்மாவைத் தூண்டியது ஆர்வம், மாதவர் மரபைத் தூண்டியது வானியல் கணக்கு. ஒன்றை மட்டும் காரணமாகச் சொல்பவர் மற்றவற்றை விட்டுவிடுகிறார்.

இனி தொழிலுக்கு வருகிறேன். 10,000 லிட்டர் கொள்ளும் மூடிய உருளைத் தொட்டி வேண்டும். தகடு குறைவாகச் செலவாக வேண்டும். இது பாடநூல் கணக்கேதான். உயரமும் விட்டமும் சமமாக இருக்கும்போது பரப்பு மிகக் குறைவு, இரண்டும் 2.335 மீட்டர், மொத்தப் பரப்பு 25.69 சதுர மீட்டர். வேலையில் சேர்ந்த புதிதில் இந்த எண்ணை அப்படியே வரைபடத்தில் எழுதிப் பட்டறைக்குக் கொடுத்தேன். அங்கிருந்த மூத்த ஃபேப்ரிகேட்டர் தாளைப் பார்த்துவிட்டு, "தம்பி, தகடு ஒண்ணே கால் மீட்டர் அகலத்துல வருது" என்று மட்டும் சொன்னார். அவர் சொன்னதன் பொருள் எனக்கு விளங்கச் சற்று நேரமானது. இரண்டு வரிசைத் தகடு வைத்தால் உயரம் 2.5 மீட்டர். நான் எழுதிய உயரம் வேண்டுமென்றால் சுற்று முழுவதும் 16.5 சென்டிமீட்டர் பட்டையை வெட்டி எறிய வேண்டும், அது 1.21 சதுர மீட்டர் ஸ்கிராப், மேலே வெட்டும் கூலி. மாறாக உயரத்தை 2.5 மீட்டராகவே வைத்து, விட்டத்தை 2.257 மீட்டராகக் குறைத்தால் மொத்தப் பரப்பு 25.72 சதுர மீட்டர்தான். உச்சத் துல்லியத்தைக் கைவிட்டதன் விலை 0.03 சதுர மீட்டர், ஏறத்தாழ ஒரு A4 தாளில் பாதி. அதைக் கைவிட மறுத்திருந்தால் விலை அதைப்போல் நாற்பது மடங்கு.

ஆகவே பாடநூல் கணக்கு பயனற்றது என்று சொல்ல வரவில்லை. அந்தக் கணக்கைப் போடாமல் 2.5 மீட்டரை ஏற்றுக்கொண்டிருந்தால், பரப்பு மிகக் குறைவான சிறந்த இடத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறோம் என்பதே எனக்குத் தெரிந்திருக்காது. சிறந்த இடம் எங்கே என்பதைவிட, அதைச் சுற்றியுள்ள இடம் எவ்வளவு சமதளமாக இருக்கிறது என்பதே வடிவமைப்பாளருக்குக் கூடுதலாகத் தேவைப்படும் செய்தி. 1.5 மீட்டர் அகலத் தகடு கிடைக்கும் இடத்தில் அதே தொட்டியை 3 மீட்டர் உயரத்தில் செய்தாலும், பரப்பு 1.5 சதவீதம்தான் கூடும். உயரத்தை 28 சதவீதம் மாற்றியும் இவ்வளவே. வகுப்பில் விடையை மட்டும் வட்டமிட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறோம்; இரு பக்கமும் பத்துச் சதவீதம் தள்ளி மதிப்பைப் பார்க்கும்படி ஆசிரியர்கள் சொல்வார்களானால், இந்தப் பாடம் மாணவர்களுக்கு முற்றிலும் வேறாகத் தெரியும் என்பது என் உறுதியான எண்ணம்.

இதே சலுகையை எல்லா இடத்திலும் எதிர்பார்த்தால் ஆபத்து. ஒரு முறை, உயரத்தில் நிறுத்திய தொட்டிக்குக் குழாயில் அழுத்தம் போதவில்லை என்று, அதன் கால்களை 3 மீட்டரிலிருந்து 3.6 மீட்டராக உயர்த்த வேலையிடத்திலிருந்து அனுமதி கேட்டார்கள். என்னிடம் பணிபுரிந்த இளம் பொறியாளர், 20 சதவீதம்தானே, பாதுகாப்பு விகிதம் தாங்கும் என்று ஒப்புதல் எழுதத் தொடங்கிவிட்டார். நல்ல வேளையாகத் தாள் என் மேசைக்கு வந்தது. மெல்லிய தூண் பக்கவாட்டில் வளைந்து சரியாமல் தாங்கும் சுமை, நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். 1744இல் சுவிஸ் கணித அறிஞர் ஆய்லர், வளையும் கம்பியின் வளைவரையை நுண்கணிதத்தால் ஆராய்ந்தபோது கிடைத்த முடிவு இது. நீளம் 20 சதவீதம் கூடினால் தாங்குதிறனில் சுமார் 31 சதவீதம் போய்விடும். இங்கே நாம் உச்சியில் நிற்கவில்லை, சரிவில் நிற்கிறோம். சரிவில் சின்னப் பிசகும் முழுதாகக் கணக்கில் வரும், சில சமயம் இரட்டிப்பாகவும் வரும். கால்களின் நடு உயரத்தில் குறுக்குத் தண்டுகளை வைத்துக் கட்டி, வளையக்கூடிய நீளத்தைப் பாதியாக்கிய பிறகே உயர்த்த ஒப்புக்கொண்டோம். இந்த விதி ஒல்லியான தூண்களுக்கே பொருந்தும். குட்டையான பருத்த தூண் வளைவதற்கு முன்பே நசுங்கிவிடும் என்பதால் அதற்குக் கணக்கு வேறு.

மூன்றாவதாக ஒரு நிலையும் உண்டு; பாடநூல்கள் அதை அவ்வளவாக விளக்குவதில்லை. 20,000 லிட்டர் தொட்டிக்குச் சிறந்த விட்டம் 2.94 மீட்டர் என்று கணக்கு சொல்லும். ஆனால் நம் நாட்டுச் சாலையில் வண்டியின் அகலத்துக்கு 2.6 மீட்டர் என்ற வரம்பு இருக்கிறது. தனி அனுமதி இல்லாமல் அதை மீற முடியாது. ஆகவே விட்டம் 2.6 மீட்டரில் நின்றுவிடுகிறது, உயரம் 3.77 மீட்டராகிறது. இந்த இடத்தில் வகைக்கெழு சுழி அல்ல. ஆனாலும் அது பயனுள்ள ஒன்றைச் சொல்கிறது. விட்டத்தில் 1 சென்டிமீட்டர் கூட்ட முடிந்தால் ஏறத்தாழ 0.037 சதுர மீட்டர் தகடு மிச்சமாகும். வரம்பு நம்மிடம் வாங்கும் விலை அது. தனி அனுமதிக்கு அலைவது லாபமா, நட்டமா என்பதை இந்த எண்ணை வைத்து ஐந்து நிமிடத்தில் முடிவுசெய்துவிடலாம்.

கணினி இவற்றையெல்லாம் தானே செய்யாதா என்று கேட்கிறீர்கள். செய்யும், நானும் அன்றாடம் பயன்படுத்துகிறேன். தொட்டியின் சுவரை ஆயிரக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் விசைச் சமன்பாட்டை எழுதித் தீர்ப்பதுதான் அந்த மென்பொருளின் வேலை; ஆர்க்கிமிடீஸும் கெப்ளரும் செய்த நறுக்கிக் கூட்டலின் வளர்ந்த வடிவமே அது. ஆனால் தகட்டின் அகலத்தையும் சாலையின் வரம்பையும் நாம் சொல்லாவிட்டால் அதற்குத் தெரியாது, 2.335 என்று மூன்று தசம இடத்தோடு விடை தந்துவிடும். அந்த விடை சமதளத்தின் நடுவில் நிற்கிறதா, சரிவில் நிற்கிறதா என்று திரையைப் பார்ப்பவர் கேட்டாக வேண்டும். மின்சுற்று, விமான இறக்கை, மருந்தின் அளவு போன்ற துறைகளில் இது எப்படி அமைகிறது என்பதை அத்துறையில் இருப்பவர்கள்தாம் சொல்ல வேண்டும். என் பேச்சு தொட்டிக்கும் தூணுக்கும் உட்பட்டது.

தொகையிடலுக்கும் ஒரு கண்கண்ட எடுத்துக்காட்டு சொல்கிறேன். அடுத்த முறை பெட்ரோல் பங்குக்குப் போகும்போது, தரையில் உள்ள மூடியைத் திறந்து நீண்ட பித்தளைக் கோலை உள்ளே விட்டு எடுத்து, நனைந்த இடத்தைப் பார்த்து, ஒரு அட்டவணையில் லிட்டரைத் தேடுகிறார்களா என்று கவனியுங்கள். டிப் ராடு என்பார்கள். கெப்ளர் வீட்டுக்கு வந்த கோலின் நெருங்கிய உறவு. தரைக்கடியில் உருளைத் தொட்டி படுத்திருப்பதால், உயரத்துக்கும் அளவுக்கும் நேர்விகிதம் கிடையாது. 2 மீட்டர் விட்டமும் 6 மீட்டர் நீளமும் கொண்ட தொட்டியில், பாதி உயரத்தில் 1 சென்டிமீட்டர் என்பது 120 லிட்டர். அடியிலிருந்து 10 சென்டிமீட்டர் உயரத்தில் அதே 1 சென்டிமீட்டர் 52 லிட்டர்தான். கால் உயரம் நனைந்த கோலைப் பார்த்துக் கால் தொட்டி இருக்கிறது என்று நினைப்பவர் ஏமாறுவார். அங்கே இருப்பது 19.6 சதவீதம்தான். ஒவ்வொரு மெல்லிய அடுக்கின் பரப்பையும் கூட்டிக்கொண்டே வந்துதான் அந்த அட்டவணையைத் தயாரிக்கிறோம். தொட்டியின் இரு முனைகளும் புடைத்த மூடிகளாக இருந்தால் அவற்றின் கொள்ளளவைத் தனியே கணக்கிட்டுச் சேர்க்க வேண்டும். தொட்டி சற்றே சாய்ந்து புதைந்திருந்தால், கோல் இறங்கும் இடம் எந்தப் பக்கம் என்பதையும் பார்த்து அட்டவணையைத் திருத்த வேண்டும். இந்த இரண்டுக்கும் வழிமுறையை எழுதச் சொன்னால், உங்கள் தொட்டியின் அளவுகளைத் தாருங்கள். படிப்படியாகப் போட்டுக் காட்டுகிறேன்.